முயலுக்கு வைக்கும் சுருக்கில் முயல் மட்டும் விழுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழின் சிறுவர் பக்கத்தில், காட்டில் வழி தவறினால் உயிர் பிழைப்பது எப்படி என்று ஒரு செய்முறை வந்திருந்தது. நெருப்பு மூட்டுவது, தண்ணீர் தேடுவது எல்லாம் சரி. கடைசியாக, ஒரு துண்டுக் கம்பியை வைத்து முயலுக்குச் சுருக்கு கட்டுவதைப் படம் போட்டுக் காட்டியிருந்தீர்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நான் இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்றவன். எங்கள் மலைநாட்டுப் பிள்ளைகளும் உங்கள் பத்திரிகையை வாசிக்கிறார்கள். லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, பின்னாலேயே காடு. மோட்டார் சைக்கிள் கராஜுக்குப் போனால் பழைய பிரேக் கம்பி சும்மாவே கிடைக்கும். படத்தைப் பார்த்துச் செய்து பார்க்க அவர்களுக்கு அரை மணி நேரம் போதும்.

நீங்கள் போட்ட முறை பிழை என்று நான் சொல்லவில்லை. கனடாவின் வடக்குப் பனிக்காடுகளில் பூர்வகுடி மக்கள் இன்றும் அப்படித்தான் முயல் பிடிக்கிறார்கள். பனியில் முயல் போன தடத்திலேயே திரும்பத் திரும்பப் போகும்; தடம் ஒடுங்கும் இடத்தில், முஷ்டி அளவு வளையத்தைத் தலை நுழையும் உயரத்தில் தொங்கவிடுவார்கள். மெல்லிய கம்பிதான். பெரிய மிருகம் மாட்டினால் அறுத்துக்கொண்டு போய்விடும். வைத்தவர் மறக்காமல் போய்ப் பார்ப்பார். அது சாப்பாட்டுக்கான வேலை, அந்த மண்ணுக்குரிய பழக்கம்.

இங்கே நடப்பது வேறு. எங்கள் பக்கத்தில் சுருக்கு வைப்பது பெரும்பாலும் காட்டுப்பன்றிக்கு. முயலுக்கு என்று மெல்லிசாகத் தொடங்குகிறவனும் சீக்கிரமே பன்றிக்கு வந்துவிடுவான், இறைச்சி அதிகம் என்பதால். பன்றிக்கு மெல்லிய கம்பி நிற்காது. அதனால் பல இழை முறுக்கிய பிரேக் கம்பி, கிளட்ச் கம்பி. ஒரு நுனியில் சின்னக் கண் முடிந்து மறு நுனியை அதற்குள் விட்டால் வளையம். மறு நுனியைத் தேயிலைத் தூரிலோ மரத்திலோ கட்டிவிட்டால் வேலை முடிந்தது. இழுக்க இழுக்க இறுகும், தளராது. வைக்கிற இடம் கானின் (தண்ணீர் வடிய வெட்டிய வாய்க்காலின்) ஓரம், காட்டுக்கும் தேயிலைக்கும் நடுவில் மானாப்புல் ஒதுங்கிய ஒற்றையடித் தடம். அந்தத் தடத்தில் பன்றி மட்டுமா போகிறது? கேளையாடு போகும், முள்ளம்பன்றி போகும், மரை போகும், லயத்து நாய் போகும். இருட்டின பிறகு சிறுத்தையும் அதே வழியாகத்தான் வரும். முட்செடிக்குள் நுழைந்து கஷ்டப்படுவதைவிட, திறந்து கிடக்கிற பாதையில் நடப்பதுதான் அதற்கும் வசதி.

சிறுத்தையின் உடம்பைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். தலையும் தோளும் தாண்டிவிட்டால் இடுப்பு ஒல்லி. பன்றியின் கழுத்துக்கு அளந்து வைத்த வளையத்துக்குள் சிறுத்தையின் தலையும் முன்னங்காலும் நுழைந்துவிடும், அப்புறம் வயிற்றில் இறுகும். பன்றியைப் போல அது ஒரே பக்கமாக இழுப்பதில்லை. துள்ளும், புரளும், மரம் இருந்தால் ஏறும். கம்பியோடு மரத்தில் ஏறித் தலைகீழாகத் தொங்கிய சிறுத்தைகளை மலைநாட்டில் கண்டிருக்கிறோம். வனசீவராசிகள் திணைக்களத்து மருத்துவர் வந்து மயக்க ஊசி அடித்துக் கம்பியை வெட்டி எடுத்தாலும், வெளியில் தெரிவது மயிர் உதிர்ந்த ஒரு கோடு மாத்திரமே. உள்ளே குடலும் சிறுநீரகமும் நசுங்கியிருக்கும். எழுந்து நடந்த மிருகம் இரண்டொரு நாளில் செத்துப்போவது அதனால்தான்.

2020 மே மாதக் கடைசியில் நல்லதண்ணி, லக்சபான தோட்டத்தில் கருஞ்சிறுத்தை ஒன்று கம்பியில் சிக்கியது உங்களுக்கு நினைவிருக்கும். பத்திரிகைகள் எல்லாம் படம் போட்டன. இலங்கையில் கருஞ்சிறுத்தை கண்ணில் படுவதே அபூர்வம். அதை உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள், சில நாட்களிலேயே இறந்துவிட்டது. கறுப்பு என்பதால் அது செய்தியானது. சாதாரணப் புள்ளிச் சிறுத்தைகள் எங்கள் மலைகளில் இப்படிச் செத்தால் உள்பக்கத்தில் நாலு வரி வரும், பல நேரம் அதுவும் வராது. நாடு முழுவதும் சேர்த்து வளர்ந்த சிறுத்தைகள் ஆயிரம்கூட இல்லை என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

இதில் மிருகத்தைப் பற்றி மட்டும் பேசினால் பாதி விஷயம் விட்டுப்போகும். காலையில் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையில் முதலில் இறங்குவது கொழுந்து எடுக்கும் பெண்கள். இடுப்பளவு தேயிலை, கீழே என்ன கிடக்கிறது என்று தெரியாது. சிறுத்தை சாதாரணமாக ஆள் சத்தம் கேட்டால் ஒதுங்கிவிடும். கம்பியில் மாட்டி இரவெல்லாம் இழுத்துக் களைத்த சிறுத்தையால் ஒதுங்க முடியாது. கம்பியை அறுத்துக்கொண்டு, காயத்தோடு அடுத்த நிரையில் படுத்திருந்தால் இன்னும் மோசம். சும்மா கிடைக்கிற ஒரு கம்பிக்காக ஒரு தாயின் உயிர் போகலாம் என்பதை, கம்பி வைக்கிற நம் பையன்களிடம் நான் நேரிலேயே சொல்லியிருக்கிறேன். அவர்களில் பலருடைய அம்மாவும் அதே மலையில்தான் வேலை.

கம்பி வைக்கிறவர்களை வெறும் குற்றவாளிகள் என்று ஒதுக்கவும் எனக்கு மனம் வராது. லயத்துக்குப் பின்னால் துண்டு நிலத்தில் மரவள்ளியும் வத்தாளையும் போட்டிருப்பார்கள். ஒரே இரவில் பன்றிக் கூட்டம் வந்து கிண்டிவிட்டுப் போனால், விடியும்போது உழுத வயல் மாதிரிக் கிடக்கும். யாரிடம் போய் முறையிடுவது? நட்டஈடு என்று கையில் எதுவும் வருவதில்லை. ஆனாலும் ஒன்றை யோசிக்க வேண்டும்: பன்றிக் குட்டியையும் முள்ளம்பன்றியையும் தின்கிற மிருகத்தைத்தான் நாம் கொன்றுகொண்டிருக்கிறோம்.

எங்கள் அப்பா காலத்தில் லயத்துப் பெரியவர்கள் கித்துள் (கூந்தற்பனை) நாரில் கண்ணி முடிந்து காடை, காட்டுக்கோழி பிடிப்பார்கள். நார் நாளடைவில் நைந்துவிடும், பெரிய மிருகம் கால் வைத்தால் அறுந்துவிடும். பிரேக் கம்பிக்கு அந்தக் கேடு இல்லை. வைத்தவன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன பிறகும், எங்கே வைத்தோம் என்பதே மறந்த பிறகும், அது அதே இடத்தில் வாய் திறந்து நிற்கும். வியட்நாம், லாவோஸ், கம்போடியா மூன்று நாடுகளின் பாதுகாக்கப்பட்ட காடுகளில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுருக்குகள் கிடப்பதாக 2020 இல் ஒரு மதிப்பீடு வந்தது. அங்கே மரம் நிற்கிறது, மிருகம் இல்லை. வேல்ஸ் 2023 இலும் ஸ்கொட்லாந்து 2024 இலும் சுருக்கு வைப்பதையே சட்டம் போட்டு நிறுத்திவிட்டன.

ஆகவே உங்கள் பத்திரிகை ஒன்று செய்யலாம். கம்பியில் மிருகம் மாட்டியிருப்பதைக் கண்டால் கிட்டப் போகக்கூடாது, கூட்டம் சேர்க்கக்கூடாது, கைபேசியில் படம் எடுக்க முண்டக்கூடாது, நாமே கம்பியை வெட்டக்கூடாது. வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு உடனே அழைக்க வேண்டும். இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள், பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்வார்கள்.

தோட்ட நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. தேயிலை அடர்ந்து நிற்கும்போது கம்பியைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. கவ்வாத்து வெட்டும்போது, அதாவது செடியைக் கத்தரித்துக் குட்டையாக்கும்போது, தூர் வெளியில் தெரியும், கட்டியிருக்கும் கம்பியும் தெரியும். கவ்வாத்துக்காரர்கள் கண்டெடுத்துக் கொடுக்கும் ஒவ்வொரு கம்பிக்கும் அன்றைய பேரோடு, அதாவது நாட்சம்பளத்தோடு, ஒரு சின்னத் தொகை சேர்த்துக் கொடுங்கள். காட்டோர மலைகளில் கான் வெட்டுகிறவர்களுக்கும் அப்படியே. கூடவே, லயத்துத் தோட்டங்களுக்கு வேலி அடிக்கப் பழைய தகரமும் கட்டையும் கொடுத்தால், பன்றிக்கு என்று கம்பி தேடிப் போகிறவர்களில் பாதிப்பேர் நின்றுவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கணக்கப்பிள்ளை ஒருவர்,
பொகவந்தலாவை.