ஐபிஏ பீரு மதுரைக்கு வரட்டும், ஆனா வாசம் போகாம வரட்டும்

ஆசிரியர் அய்யா அவர்களுக்கு வணக்கம்.

சித்திரை பொறந்தா போதும், பீர் விற்பனை கூடிப்போச்சு, கடையில கூலிங் பீர் கெடைக்கலன்னு உங்க பேப்பர்லயும் மத்த பேப்பர்லயும் ஒரு செய்தி வந்துரும். எத்தனை பெட்டி வித்துச்சு, அரசாங்கத்துக்கு எத்தனை கோடி வந்துச்சுன்னுதான் அதுல இருக்கும். அந்த பாட்டிலை எப்ப அடைச்சாங்க, அதுக்கப்புறம் எத்தனை நாள் எந்த வெக்கையில கெடந்துச்சுன்னு ஒரு வரி கூட நான் படிச்சதில்ல. அதைப் பத்திதான் இந்த லெட்டர், கொஞ்சம் பெருசாத்தான் இருக்கும், முடிஞ்சா வெட்டாம போடுங்க.

ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லிடுறேன், குடிக்காதவங்களைக் குடிங்கன்னு சொல்றதுக்காக இதை எழுதலை. குடியால எத்தனை வீடு என்ன கதி ஆச்சுன்னு எனக்கும் தெரியும், எங்க தெருவுலயே பாத்திருக்கேன். 21 வயசு ஆகாதவங்களுக்கு விக்கவே கூடாதுன்னு சட்டம் இருக்கு, அது சரிதான். நான் பேசுறது வாரக் கடைசியில ஒரு டம்ளர் பீரை ருசிக்காக மெதுவா குடிச்சிட்டு வீட்டுக்குப் போற ஆளுங்களைப் பத்தி. அப்படிப்பட்டவங்க மதுரையில நெறையப் பேர் இருக்காங்க, ஆனா அவங்களைப் பத்தி யாரும் எழுதுறதில்ல.

நான் கப்பலூர் பக்கம் கோல்டு ரூம் சர்வீஸ் வேலை பாக்குறேன். எங்க செட்டுல எல்காட்ல வேலை பாக்குற தம்பி ஒருத்தர் இருக்காரு, பேங்க்ல இருந்து ரிட்டையர் ஆன அண்ணன் ஒருத்தர் இருக்காரு, இன்னும் ரெண்டு மூணு பேரு. எங்களுக்கு ஹாப்ஸ் தூக்கலா இருக்குற பீர்னா உசுரு, அதாவது ஐபிஏ (இந்தியா பேல் ஏல்), பேல் ஏல் இந்த மாதிரி. கூடுனா பேச்சு எங்க ஆரம்பிச்சாலும் கடைசியில ஒரே எடத்துலதான் வந்து நிக்கும், நம்ம ஊர்ல இது ஏன் கெடைக்க மாட்டேங்குது, கெடைச்சாலும் ஏன் பெங்களூர்ல குடிச்ச மாதிரி இல்லன்னு. மத்தவங்கள்லாம் வகை வேணும், புதுப் புது பிராண்டு எறக்கணும்ம்பாங்க. நான் அதுல ஒத்துப்போறதில்ல. பிராண்டு கம்மியா இருந்தாலும் பரவாயில்ல, வர்றது புதுசா வரணும், அதான் என் கட்சி.

ஏன்னு சொல்றேன். ஹாப்ஸ்ங்கிறது ஒரு கொடி, அதுல பெண் கொடியில கூம்பு கூம்பா பச்சையா வர்ற பூவைத்தான் பீர்ல போடுறாங்க. பூவைப் பிச்சுப் பாத்தா உள்ள மஞ்சளா பிசின் மாதிரி தூளா இருக்கும், லுபுலின்னு பேரு, கசப்பும் வாசமும் ரெண்டுமே அதுக்குள்ளதான் இருக்கு. மால்ட், அதாவது முளைகட்டி காயவச்ச பார்லி, அதை ஊறவச்ச தண்ணி கொதிக்கிறப்ப பூவைப் போட்டீங்கன்னா கசப்பு எறங்கிரும், வாசம் ஆவியோட ஆவியா போயிரும். அதனால வாசம் வேணும்னா அடுப்பை அணைக்கப் போற நேரத்துல போடணும், இல்லாட்டி நொதிச்சு முடிஞ்ச பெறகு குளுந்த பீர்லயே திரும்பவும் பூவைப் போட்டு ஊற விடணும், டிரை ஹாப்பிங்னு அதுக்குப் பேரு. நல்ல ஐபிஏல டம்ளரைக் கிட்ட கொண்டு போறப்பவே மாம்பழ வாசம், நார்த்தங்காய்த் தோல் வாசம், பைன் மரப் பிசின் வாசம்னு மூக்குல ஏறுதே, அதெல்லாம் இப்படி வர்றதுதான். 1972-ல வந்த கேஸ்கேட், 2008-ல வந்த சிட்ரா மாதிரி ஹாப்ஸ் ரகம் எல்லாம் இந்த வாசத்துக்காகவே பேர் வாங்குனது.

இப்ப மதுரைக்காரங்களுக்கு மிச்சத்தை வெளக்க வேண்டியதே இல்ல. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல காலையில வாங்குன மல்லி மொட்டு மறுநாள் சாயங்காலம் எப்படி இருக்கும்? பூ இருக்கும், நார் இருக்கும், வாசம் இருக்காது. ஹாப்ஸ் பீரும் அப்படித்தான், கசப்பு கொஞ்ச நாளு தாக்குப்பிடிக்கும், வாசம்தான் மொதல்ல கெளம்பிப் போகும். பாட்டில் அடைக்கிறப்ப உள்ள தங்கிப்போற துளியூண்டு ஆக்சிஜன் போதும், வாசத்தை அழிச்சிட்டு வேற ருசியைக் கொண்டாந்துரும். நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி ஒரு வாடை வரும், அதுக்குக் காரணம்னு சொல்ற பொருளுக்கு டிரான்ஸ்-2-நோனெனல்னு பேரு, அப்புறம் தேன் மாதிரி ஒரு அசட்டு இனிப்பும் வந்து சேரும். உடம்புக்கு ஒண்ணும் செய்யாது. ஆனா காசு குடுத்து வாங்குனது எதுக்கோ அது அந்த பாட்டில்ல இல்ல.

இந்த வேலை எல்லாத்தையும் விரட்டி விடுறது சூடு. அமெரிக்கால பீர் தொழில்ல இருக்குறவங்க 3-30-300ன்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க, அதாவது 32 டிகிரியில 3 நாள் இருந்தாலும் சரி, 22 டிகிரியில 30 நாள் இருந்தாலும் சரி, 3 டிகிரியில 300 நாள் இருந்தாலும் சரி, பீரு ஏறக்குறைய ஒரே அளவுக்குப் பழசாயிரும். தோராயக் கணக்குதான், ஆனா போக்கு சரி. நம்ம ஊர்ல மார்கழியிலயே மதியம் 30 டிகிரிக்கு வந்துருது, கத்திரியில 40-ஐத் தொடுது, தகரக் கூரை போட்ட குடோனுக்குள்ளயும் தார்ப்பாய் மூடுன லாரிக்குள்ளயும் என்ன சூடு இருக்கும்னு நான் சொல்லித்தான் தெரியணுமா. அதுக்குள்ள ரெண்டு வாரம் கெடந்த ஐபிஏவைக் கொண்டாந்து கடை ஃப்ரிட்ஜ்ல ரெண்டு மணி நேரம் வச்சு ஜில்லுன்னு குடுத்தா அது புதுசாயிருமா? நம்ம ஆளுங்க கடையில கேக்குறது ஒரே கேள்விதான், அண்ணே கூலிங் இருக்கான்னு. ஜில்லுன்னு இருக்குறது வேற, புதுசா இருக்குறது வேற. பீரைக் கெடுக்குறது அது மொத்தமா எத்தனை நாள் சூட்டுல இருந்துச்சுங்கிறதுதான், கடைசியா எப்ப ஃப்ரிட்ஜ்ல வச்சீங்கங்கிறது இல்ல. அதே மாதிரி ஒரு தடவை குளுந்த பீரு வெளிய எடுத்து சூடாயிட்டா அவ்வளவுதான், தூக்கிப் போட வேண்டியதுதான்னு சில பேர் சொல்வாங்க, அதுவும் சரி கெடையாது, ஒரு நாள் ரெண்டு நாள்ல அப்படி ஒண்ணும் ஆயிராது.

வெளிச்சம் இன்னொரு வில்லங்கம். வெயிலோ கடைக்குள்ள எரியிற டியூப் லைட்டோ, அந்த வெளிச்சம் பாட்டிலுக்குள்ள போச்சுன்னா ஹாப்ஸோட கசப்புப் பொருள் ஒடஞ்சு கந்தகம் கலந்த ஒரு நாத்தம் கெளம்பும். பழுப்பு பாட்டில் முக்கால்வாசியைத் தடுத்துரும், பச்சை பாட்டிலும் வெள்ளை பாட்டிலும் தடுக்காது, கேன்ல அந்தப் பிரச்சனையே இல்ல. அதனால ரெண்டுல எது வாங்கன்னு என்கிட்ட கேட்டா கேன்தான்னு சொல்வேன்.

எங்க செட்டுல ரிட்டையர் ஆன அண்ணன் ஒரு நியாயம் பேசுவாரு. ஏப்பா, இந்த ஐபிஏவே வெள்ளைக்காரன் இந்தியாவுக்கு கப்பல்ல அனுப்புறதுக்காக செஞ்சதுதானே, அஞ்சு மாசம் கடல்ல வந்ததே கெடலையே, நீ என்னமோ ரெண்டு வாரத்துக்குக் குதிக்கிறன்னு. பதில் சொல்ல வேண்டிய கேள்விதான் இது. 18-ஆம் நூற்றாண்டு கடைசியில லண்டன் போ ப்ரூவரியில இருந்து ஹாட்சன்ங்கிறவரு அனுப்புன பீரு கப்பல்ல நாலுல இருந்து ஆறு மாசம் வந்துச்சு, அது உண்மை. அப்புறம் 1820கள்ல இங்கிலாந்துல இருக்குற பர்ட்டன் ஊர்க்காரங்களும் அந்த வியாபாரத்துல எறங்குனாங்க. ஆனா அது மரப் பீப்பாயில போட்டு பழசாகிப் பக்குவப்படுறதுக்குன்னே செஞ்ச பீரு, ஹாப்ஸை நெறையப் போட்டது கெட்டுப்போகாம இருக்கத்தான். இன்னைக்கு நாம ஐபிஏன்னு குடிக்கிறது பேரு அதேதான், ஆனா 1970கள்ல இருந்து அமெரிக்காக்காரங்க வாசத்துக்குன்னு வளத்தெடுத்த வேற பீரு. ஸ்டோன்னு அங்க ஒரு கம்பெனி 2012-ல இருந்து ஒரு ஐபிஏ போடுது, எந்தத் தேதிக்குள்ள குடிக்கணும்ங்கிறதையே பேரா பெருசா மேல அடிச்சிருப்பாங்க, 37 நாளு, அவ்வளவுதான். நம்ம கடையில வர்ற பீர்ல பெரும்பாலும் 6 மாசம்னு போட்டிருக்கு. லாகர்னு நம்ம கடையில வழக்கமா கெடைக்குற சாதா பீருக்கு அது ஓரளவு சரி, ஹாப்ஸ் பீருக்கு அது ரொம்ப ஓவர். அதுவும் அந்தத் தேதியை கழுத்துலயோ கேன் அடியிலயோ பொடி எழுத்துல அடிச்சிருக்காங்க, மங்கலா, பாதி அழிஞ்சு போயி.

கொஞ்ச நாளைக்கு முன்னால ஒரு ஹோட்டல் பாருல ஐபிஏ இருக்குன்னு ஆசையா கேட்டு வாங்குனேன், எந்த ஹோட்டல்னு வேணாம். தேதியைப் பாத்தா அஞ்சு மாசம் ஆச்சு. வாசம்னு ஒண்ணுமே இல்ல, கசப்பும் அந்த அசட்டு இனிப்பும்தான். பரிமாறுன தம்பிகிட்ட சொன்னா, சார் எக்ஸ்பயரி ஆகலை சார்ங்கிறாரு. அவரு மேல தப்பே இல்ல, அவருக்கு யாரும் சொல்லிக்குடுக்கலை. பக்கத்து டேபிள்ல மொதத் தடவை ஐபிஏ வாங்குன ஒரு பையன் ஒரு மடக்கு குடிச்சிட்டு இதுக்கா இவ்வளவு காசுன்னு மூஞ்சியைச் சுளிச்சிட்டு வச்சிட்டான். எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம், அவன் இனி வாழ்க்கையில ஐபிஏ பக்கம் வர மாட்டான், அவன் குடிச்சது ஐபிஏவே இல்லங்கிறதும் அவனுக்குத் தெரியாது. அதான் நான் சொல்றது, பழைய ஐபிஏ வர்றதுக்கு வராமலே இருக்கலாம். பழசா கெடக்குற ஐபிஏவை விட போன மாசம் அடைச்ச சாதா லாகர் எவ்வளவோ மேலு, கருப்பா இருக்குற ஸ்டௌட்டும் பரவாயில்ல, அதுல ருசி வறுத்த மால்ட்ல இருந்து வர்றதால கொஞ்சம் தாங்கும்.

சரி, வழி என்னன்னு கேட்டா, பீரை இங்கயே காய்ச்சுறதுதான். இதுல எல்காட் தம்பி சொல்வாரு, ஹாப்ஸ் நம்ம ஊர்ல வளராதே அண்ணேன்னு. வளராதுதான். அதுக்குக் கோடைகாலத்துல நீளமான பகல் வேணும், இந்தியாவுல ஹிமாச்சல்ல லாகுல் பள்ளத்தாக்கு மாதிரி எடத்துலதான் போடுறாங்க. ஆனா பூ இங்க வளரணும்னு அவசியமே இல்லையே. அறுத்து காயவச்சு அரைச்சு குளிகை மாதிரி அழுத்தி, காத்துப் போகாத ஃபாயில் பையில அடைச்சு குளிர்ல வச்சா ஹாப்ஸ் ரொம்ப நாள் தாங்கும், உலகம் பூரா அப்படித்தான் போகுது. எடுத்துட்டு வர்றதும் சுலபம், ஒரு பெரிய டேங்க் பீருக்கு வேண்டிய ஹாப்ஸ் ஒரு சின்னப் பெட்டியில அடங்கிரும். பீருன்னா தொண்ணூறு சதவீதத்துக்கு மேல தண்ணிதான், அந்தத் தண்ணியை ஏன் ஆயிரம் கிலோமீட்டர் வெயில்ல தூக்கிட்டு வரணும்? பூ பயணம் தாங்கும், பீரு தாங்காது, அப்ப பூவை வரவச்சு பீரை இங்க காய்ச்சுறதுதானே மொறை.

புனேல டூலாலி 2009-லயும், பெங்களூர் இந்திராநகர்ல டாய்ட் 2010-லயும் ஆரம்பிச்சது இதைத்தான், காய்ச்சுற எடமும் குடிக்கிற எடமும் ஒண்ணு, டேங்க்ல இருந்து குழாய் வழியா நேரா டம்ளருக்கு. இப்ப பாண்டிச்சேரியில கூட இருக்கு. 2024-ல மதுரை - பெங்களூர் வந்தே பாரத் விட்டதுக்கப்புறம் எங்க ஆளுங்க காலையில ஏறி மதியம் அங்க எறங்கிருறாங்க, எறங்குன கையோட நல்ல ஐபிஏ ஒண்ணு. சந்தோசம்தான், ஆனா ஒரு டம்ளர் பீருக்கு ஸ்டேட் தாண்டிப் போக வேண்டியிருக்கேன்னு நெனைச்சா மனசு ஆற மாட்டேங்குது. இவ்வளவு பெரிய ஊரு, வருசம் பூரா வெளியூர்க்காரங்களும் வெளிநாட்டுக்காரங்களும் வந்து போற ஊரு, இங்க பீரை அதே எடத்துல காய்ச்சிக் குடுக்குற கடை ஒண்ணு கூட இல்ல. கோயில் பக்கமோ பள்ளிக்கூடம் பக்கமோ கேக்கலை, ரிங் ரோடு பக்கம் ஒதுக்குப்புறமா நாலு சின்ன லைசென்ஸ் குடுத்து, எத்தனை லிட்டர் காய்ச்சலாம்னு கட்டுப்பாடு போட்டு, உக்காந்து குடிக்க மட்டும்தான், பார்சல் கெடையாதுன்னு விதி வச்சு நடத்தலாம்.

அதுக்கு நாளாகும், சட்டம் மாறணும். ஆனா சட்டம் மாறாமலே செய்யக்கூடியது நெறைய இருக்கு. 1983-ல ஆரம்பிச்ச டாஸ்மாக் 2003 நவம்பர்ல இருந்து சில்லறை வியாபாரத்தையும் கையில எடுத்துக்கிடுச்சு, மொத்த வியாபாரமும் அவங்கதான், வேற போட்டியே இல்ல. மத்த மாநிலத்துல ஆயிரம் கடைக்காரர்கிட்ட கெஞ்சணும், இங்க ஒரே எடத்துல ஒரு சர்க்குலர் போட்டா மாநிலம் முழுக்க மாறிரும், இது நமக்கு நல்ல வசதின்னுதான் நான் பாக்குறேன். பாட்டில் அடைச்ச தேதியை ரேக்குலயே ஒரு அட்டையில எழுதி வைக்கட்டும், வாங்குறவன் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னே படிக்கிற மாதிரி. மொதல்ல வந்த சரக்கு மொதல்ல போகட்டும். ஐபிஏ, பேல் ஏல் மாதிரி சரக்கை நூறு பெட்டி மொத்தமா எறக்கி குடோன்ல அடுக்காம பத்து பத்து பெட்டியா அடிக்கடி எறக்கட்டும், எல்லா கடைக்கும் வேணாம், மதுரையில ரெண்டே ரெண்டு எலைட் கடைக்கு மட்டும் குடுத்தா போதும், கேக்குறவங்க தேடிப் போயி வாங்கிக்கிருவாங்க. அந்தப் பத்துப் பெட்டியை மட்டும் குளிர்ல வைங்க. இந்த ஊர்ல கோல்டு ரூமுக்குப் பஞ்சமே இல்ல, ஐஸ்கிரீமுக்கு இருக்கு, மீனுக்கு இருக்கு, மருந்துக்கு இருக்கு, நானே போயி சர்வீஸ் பண்ணிட்டு வர்றேன். 4 டிகிரியில பத்துப் பெட்டி வைக்க ஒரு சின்ன அறை போதும், கரண்டு செலவும் பெருசா வராது, வேணும்னா பாட்டிலுக்கு அஞ்சு ரூவா கூட வச்சுக்கங்க, நாங்க குடுக்குறோம்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாங்குறப்ப கேனைத் திருப்பி தேதியைப் பாருங்க, ஹாப்ஸ் பீருன்னா மூணு மாசம் தாண்டிருந்தா வேணாம்னு திருப்பிக் குடுங்க, சண்டை போட வேணாம், தேதி பழசா இருக்குண்ணேன்னு சொல்லிட்டு வேற எடுங்க. வீட்டுக்கு வாங்கிட்டு வந்தா வண்டி டேங்க் கவர்ல வச்சிட்டு வெயில்ல ஊர் சுத்தாம நேரா ஃப்ரிட்ஜ்ல வைங்க, சேத்து வைக்காதீங்க, அந்த வாரமே குடிச்சிருங்க. திருச்சி, கோயமுத்தூர், திருநெல்வேலி பக்கம் இதே மாதிரி பீர் மேல பிரியம் உள்ளவங்க இருந்தா, உங்க ஊர்ல எந்தத் தேதி சரக்கு வருதுன்னு இந்தப் பகுதிக்கே எழுதிப் போடுங்க, எல்லா ஊர் தேதியும் ஒண்ணு சேந்தா மேல உள்ளவங்ககிட்ட காட்டிப் பேச வசதியா இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வில்லாபுரம், மதுரை