லீலாவதி அக்கா கூட்டத்துக்கு உதவுன எல்லாருக்கும் நன்றி

மதுரை வில்லாபுரத்துல, தண்ணிக்காகப் போராடி உயிர விட்ட கவுன்சிலர் லீலாவதி அக்காவ பத்தி நம்ம ஏரியா பொம்பளப் பிள்ளைங்களுக்கு சொல்லணும்னு வச்ச கூட்டம் நல்லபடியா முடிஞ்சுது. வந்தவங்க, வர முடியாம காசு குடுத்து விட்டவங்க எல்லாருக்கும் மனசார நன்றிங்க.

முதல் நன்றி நம்ம தறிக்கார பெரியம்மாவுக்கு. முட்டி வலியோட வந்தவங்க, அந்தக் காலத்துல தண்ணிக்கு எப்படி அலைஞ்சோம்னு சொல்லும்போது எந்திரிச்சு நின்னு, இடுப்புல ஒரு குடம் கையில ஒரு குடம்னு நடந்தே காட்டிட்டாங்க, பிள்ளைங்க அப்படியே வாய மூடி பாத்துட்டு இருந்துச்சுங்க. 1996 அக்டோபர் எலெக்‌ஷன், உள்ளாட்சியில பொம்பளைங்களுக்கு மூணுல ஒரு பங்கு இடம்னு வந்த பிறகு நடந்தது, அதுல நின்ன லீலாவதி அக்கா பெரிய எடத்துப் பொண்ணு இல்ல, கைத்தறி நெசவு பாத்துக்கிட்டே மாதர் சங்கத்துல ஓடியாடுனவங்க, மார்க்சிஸ்ட் கட்சி சார்பா நின்னு ஜெயிச்சு மதுரை கார்ப்பரேஷனுக்கு போனாங்க.

போனவங்க சும்மா உக்காரல. தண்ணிய காசுக்கு வித்துக்கிட்டு இருந்தவங்கள எதுத்துக்கிட்டு, கார்ப்பரேஷன் பைப் தண்ணி நம்ம தெருவுக்கு வரணும்னு விடாம நின்னாங்க. அதுக்குத்தான் 1997 ஏப்ரல் 23ஆம் தேதி பட்டப்பகல்ல வெட்டிக் கொன்னாங்க. கவுன்சிலரா இருந்தது ஒரு ஆறு மாசம்தான்யா. வருஷா வருஷம் போஸ்டர்ல சாவ பத்தி போடுறோம், அந்த ஆறு மாசத்துல பாத்த வேலைய பத்தி பிள்ளைங்ககிட்ட யாரும் உக்காந்து பேசுறதில்லைங்கறது எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம், அத தீத்து வச்சது நீங்கதான்.

பழைய பேப்பர தேடி எடுத்து ஜெராக்ஸ் போட்டுத் தந்த லைப்ரரி தம்பிக்கு நன்றி. மைக்செட் அண்ணே வாடகையே வேணாம்னுட்டாரு, அவங்க அம்மாவும் அக்கா கூட மனு குடுக்கப் போனவங்களாம், அத மைக்ல சொல்லுங்கண்ணேன்னா கூச்சப்பட்டு ஓடிட்டாரு, அடுத்த தடவ விடமாட்டோம். சுண்டல் அவிச்ச மகளிர் குழு அக்காங்களுக்கும், சேர் தூக்குன பசங்களுக்கும் நன்றி.

ஒரு ஒம்பதாங்கிளாஸ் பிள்ள, வார்டு கவுன்சிலர்கிட்ட மனு எப்படி எழுதுறதுன்னு கேட்டுச்சு. மாதர் சங்க தோழர் ஒருத்தவங்க அங்கயே பேப்பர் வாங்கி எழுதிக் காட்டுனாங்க, தோழர் உங்களுக்கு தனி நன்றி.

போட்டோ குடுத்தவங்க கவலப்படாதீங்க, ஸ்கேன் பண்ணிட்டு இந்த ஞாயித்துக்கெழம வீட்டுக்கே கொண்டு வந்து தந்துடறோம். அக்கா சம்பந்தமா வேற நோட்டீஸ், மனு காப்பி எது இருந்தாலும் அப்போ எடுத்து வைங்க.