காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெருந்தொற்றுக் காலத்தில் சுகாதார அறிவுரைகளை மக்கள் ஏன் போகப்போகக் காதில் வாங்கவில்லை என்று அலசிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ‘அறிவியல் மாறிக்கொண்டே இருக்கும் என்பது மக்களுக்குப் புரியவில்லை’ என்று அதை முடித்திருந்தது மனதை உறுத்துகிறது.

2020இல் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு பொட்டலத்தையும் என் அம்மா சோப்புத் தண்ணீரில் துடைத்து, காயவைத்த பிறகுதான் உள்ளே எடுப்பார். விரல் நுனியெல்லாம் வெடித்துப்போயிருந்தது. கிருமி பட்ட பொருளைத் தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாக 10,000இல் ஒன்றுக்கும் குறைவு என்று 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொன்னது. அதைப் படித்துக் காட்டினேன். “சரி, இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்றார். முன்னாடி யாருக்கும் தெரியாது, உண்மைதான். ஆனால் ‘எங்களுக்கு இன்னும் தெரியவில்லை, தெரியும்வரை துடைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லியிருக்கலாம் அல்லவா?

காற்று விஷயம் இதைவிட மோசம். 2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம், கொரோனா காற்றில் பரவாது என்பதை ‘உண்மை’ என்ற தலைப்பிட்டே சமூக ஊடகத்தில் வெளியிட்டது. ஜூலையில் 239 விஞ்ஞானிகள், காற்றில் பரவும் வாய்ப்பைக் கவனியுங்கள் என்று பகிரங்கமாகக் கடிதம் எழுதினார்கள். மூடிய அறையில் காற்றுவழியாகத் தொற்றும் என்று அந்நிறுவனம் தன் கேள்வி-பதில் பக்கத்தைத் தெளிவாகத் திருத்தியது 2021 ஏப்ரல் கடைசியில், பெரிய அறிவிப்பு எதுவும் இல்லாமல். முதலில் சொன்னது ஊரெல்லாம் கேட்டது. திருத்தியது எத்தனை பேருக்குத் தெரியும்? நாங்கள் ஜன்னல்களை இறுகச் சாத்திவிட்டுப் பொட்டலங்களைத் துடைத்துக்கொண்டிருந்தோம். அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

முகக்கவசமும் அப்படித்தான். மருத்துவப் பணியாளர்களுக்கே போதவில்லை, அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள் என்று நேராகக் கேட்டிருந்தால் கொடுத்திருப்போம். பொதுமக்களுக்கு அதனால் பயனில்லை என்றார்கள். அப்புறம் சில வாரங்களிலேயே கட்டாயம் போடுங்கள் என்றார்கள்.

நேர்மையாகச் சொன்னவர்களும் உண்டு. 2021 ஏப்ரல் 7 அன்று பிரிட்டனில், 30 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அஸ்ட்ராஜெனகாவுக்குப் பதில் வேறு தடுப்பூசி தரலாம் என்று அறிவித்தபோது, எந்த வயதில் பயன் எவ்வளவு, இரத்தக்கட்டு வரும் ஆபத்து எவ்வளவு என்று படம் போட்டே காட்டினார்கள். அதைக் கேட்டு மக்கள் தடுப்பூசியை விட்டு ஓடிவிடவில்லை. பெரியவர்களைப் பெரியவர்களாக நடத்தினால் இப்படித்தான் நடக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தொற்று வரும்போது ஓர் அதிகாரி ‘இப்படிச் செய்யுங்கள்’ என்றால், எவ்வளவு உறுதியாகத் தெரிந்து சொல்கிறீர்கள், எப்போது மறுபடி பரிசீலிப்பீர்கள் என்று உங்கள் நிருபர்கள் கேட்கட்டும். அந்தப் பதிலையும் அறிவுரைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி