ஸ்பிரிங்கை இறுக்கச் சொன்ன குறிப்பு பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகன இணைப்பில் அண்மையில் வெளியான டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) கொண்ட கார்களின் பராமரிப்புக் குறிப்புகளில், தனியாக வாங்கிப் பொருத்தும் ப்ளோ-ஆஃப் வால்வைச் சரிசெய்வது பற்றி ஒரு பத்தி இருந்தது. பூஸ்ட் (டர்போ காற்றுக்கு ஏற்றும் கூடுதல் அழுத்தம்) கூடுமளவுக்கு வால்வின் ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும் என்றும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது சத்தம் கூர்மையாகக் கேட்டால் செட்டிங் சரியாக இருக்கிறது என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. பல ஆண்டுகளாக டர்போ வண்டிகளிலேயே வேலை பார்த்து வருபவன் என்ற முறையில், இந்த இரண்டு கூற்றுகளும் தவறு என்பதைத் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன். முதல் தவறு, படித்த கையோடு வாசகரை ஆலன் கீயை (அறுகோணத் திருகு சாவியை) எடுக்க வைக்கக்கூடியது என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆக்ஸிலரேட்டரை மிதித்து ஓட்டும்போது டர்போவின் கம்ப்ரஸர் சக்கரம் நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுகளுக்கும் மேலாகச் சுழன்று, காற்றை, அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக, எஞ்சினுக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் வரை நெட்டித் தள்ளுகிறது. கியர் மாற்றுவதற்காகக் காலை எடுத்ததும் த்ராட்டில் தகடு மூடிக்கொள்கிறது. ஆனால் அந்தச் சக்கரம் உடனே நின்றுவிடுவதில்லை. போக வழியில்லாத காற்று திரும்பி வந்து சக்கரத்தின் மீதே மோதுவதைத்தான் சர்ஜ் என்கிறோம். புறா படபடவென்று இறக்கையடிப்பது போன்ற ஒலி அதிலிருந்து எழுவதே. அந்தக் காற்றுக்கு ஒரு பக்கவாசலைத் திறந்துவிட்டு, மறுபடி மிதிக்கும்போது வாசலை இறுக மூடிக்கொள்வது மட்டுமே ப்ளோ-ஆஃப் வால்வின் வேலை.

அந்த வாசலைக் காவல் காப்பது ஸ்பிரிங் மட்டுமல்ல என்பதைக் குறிப்பை எழுதியவர் கவனிக்கவில்லை. வால்வுக்குள் இருக்கும் பிஸ்டனின், சில வால்வுகளில் டயாஃப்ரத்தின் (வளையும் சவ்வின்), அடிப்பக்கம் டர்போவிலிருந்து வரும் குழாயை நோக்கியிருக்கிறது. அதன் மேல்பக்கமோ ஒரு மெல்லிய ஹோஸ் மூலம் த்ராட்டிலுக்கு அப்பால் உள்ள இன்டேக் மேனிஃபோல்டோடு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் குழாய்த் தொகுதியோடு) இணைந்திருக்கிறது. முழுமையாக மிதித்திருக்கும் நேரத்தில் த்ராட்டில் திறந்திருப்பதால், கீழே 1 பார் (ஏறத்தாழ வளிமண்டல அழுத்தத்தின் அளவு) பூஸ்ட் மேல்நோக்கித் தள்ளும்போது மேலேயும் ஏறக்குறைய அதே 1 பார் கீழ்நோக்கி அமுக்குகிறது. பூஸ்டை 1.5 பாராக உயர்த்தினால் தராசின் இரண்டு தட்டுகளிலும் ஒரே எடையைக் கூட்டியது போலத்தான், முள் நகர்வதில்லை. ஆகவே பூஸ்டைத் தாங்கி நிற்பது ஸ்பிரிங்கின் பொறுப்பே அல்ல.

ஸ்பிரிங் உண்மையில் எதிர்த்து நிற்க வேண்டியது ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, மேனிஃபோல்டில் உண்டாகும் வேக்குவத்தை (காற்றழுத்தக் குறைவை). நல்ல நிலையிலுள்ள பெட்ரோல் எஞ்சின் சூடேறி ஐடிலிங்கில் ஓடும்போது மேனிஃபோல்டில் பாதரச அளவில் பெரும்பாலும் 18 முதல் 22 அங்குலம் வரை வேக்குவம் இருக்கும். 20 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் அது ஏறத்தாழ 0.68 பார். அவ்வளவு இழுப்புக்கும் அசையாமல் பிஸ்டன் தன் இருக்கையில் உட்கார்ந்திருக்க ஸ்பிரிங்கில் எவ்வளவு இறுக்கம் தேவையோ அவ்வளவு போதும். அதே கார் 1 பார் பூஸ்டில் ஓடிக்கொண்டிருக்கையில் காலை எடுத்தால், கீழிருந்து 1 பார் தள்ள, மேலிருந்து 0.68 பார் இழுக்க, வால்வைத் திறக்கும் அழுத்த வேறுபாடு 1.68 பாராகிவிடுகிறது. பூஸ்ட் கூடக் கூட வால்வு திறப்பது எளிதாகுமே ஒழிய, அதற்காக ஸ்பிரிங்கை இறுக்க எந்தக் காரணமும் இல்லை. மாற்று ஸ்பிரிங் விற்கும் தயாரிப்பாளர்கள் சிலர் அவற்றை ஐடிலிங் வேக்குவத்தின் அளவைக் கொண்டே வகைபிரித்து விற்பதும் இதனால்தான். கேம்ஷாஃப்டை (எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டை) மாற்றிய எஞ்சினில் வேக்குவம் குறைவாக இருக்கலாம். உயரமான இடங்களிலும் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறத்தாழ 1 அங்குலம் வீதம் அது குறையும். அப்படிப்பட்ட வண்டிகளுக்கு ஸ்பிரிங்கை இறுக்குவதல்ல, தளர்த்துவதே பொருத்தம்.

காற்றை வெளியே விடும் வகை வால்வாக இருந்தால் சரிசெய்யும் முறையும் எளியதுதான். முதலில் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மாற்றும் ஸ்குரூ இப்போது எத்தனை சுற்று இறங்கியிருக்கிறது என்பதை எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். பழைய நிலைக்குத் திரும்ப வேறு வழி கிடையாது. எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, ஏசியை அணைத்து, ஐடிலிங்கில் விட்டு, ஸ்குரூ நகராமல் பூட்டும் லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்பிரிங்கை மிகவும் தளர்வான நிலையிலிருந்து தொடங்க வேண்டும். வால்வின் வெளிவாயருகே ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்தால் வாய் அதைத் தன்பக்கம் இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். வால்வு திறந்திருக்கிறது, வடிகட்டாத காற்று அதன் வழியே எஞ்சினுக்குள் போகிறது என்பதற்கு அதுவே அடையாளம். கால் சுற்று இறுக்குவது, சில நொடிகள் பொறுப்பது, மறுபடி காகிதத்தைப் பிடித்துப் பார்ப்பது என்று போனால், ஒரு கட்டத்தில் காகிதம் ஒட்டாமல் தொங்கும். அதற்கு மேல் இன்னொரு கால் சுற்று இறுக்கினால் போதும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்குரூவும் கூடவே திரும்பிவிடும் என்பதால், அதை ஆலன் கீயால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். கவனமாகச் செய்த செட்டிங் கடைசி நொடியில் கலைந்துபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சுழலும் விசிறியும் பெல்ட்டும் அருகிலேயே இருக்கும் என்பதால் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்வதும் நல்லது.

இந்த ஸ்குரூ பல நேரங்களில் தான் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை அனுபவிக்கிறது என்பதற்கு, என் கைக்கு வந்த ஒரு வண்டியையே சொல்லலாம். பிக்கப் இல்லை, ஐடிலிங் ஏறி இறங்குகிறது, வேகமாக வந்து நிறுத்தினால் எஞ்சின் அணைந்துவிடுகிறது என்பவை உரிமையாளரின் புகார்கள். ஏற்கெனவே மூன்று பேர் கைவைத்திருந்தார்கள். ஸ்குரூ அடிவரை இறங்கியிருந்தது. ஆலன் கீ போடும் அறுகோணக் குழியின் முனைகள் தேய்ந்து வட்டமாகிவிட்டிருந்தன. வால்வைக் கழற்றிப் பார்த்தேன். பிஸ்டன் வழுக்கிக்கொண்டு ஓடியது, ஓ-ரிங்கில் ஒரு கீறல்கூட இல்லை. பிறகு வேக்குவம் ஹோஸை விரலால் வளைத்துக்கொண்டே போனபோது, மேனிஃபோல்டு முனையில் கிளிப்புக்கு ஒட்டினாற்போல மயிரிழை வெடிப்பு ஒன்று வாய் திறந்தது. நேராக இருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியவே இல்லை. போதாததற்கு, பூஸ்ட் கேஜுக்குப் போகும் கிளையையும் அதே ஹோஸிலிருந்து பிரித்து விட்டிருந்தார்கள்.

பூஸ்டில் ஓடும்போது அந்த வெடிப்பின் வழியே அழுத்தம் கசிந்ததால் பிஸ்டனின் மேல்பக்கம் பலமிழந்து வால்வு திறந்துவிட்டது, வண்டி இழுக்கவில்லை. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று முதலாமவர் நினைத்து இறுக்கினார். கொஞ்சம் சரியானது போலத் தோன்றியதால் அடுத்தவர்களும் அதையே தொடர்ந்தார்கள். ஐடிலிங்கிலோ அதே வெடிப்பின் வழியே அளவெடுக்கப்படாத காற்று உள்ளே புகுந்து எஞ்சினைத் தடுமாற வைத்தது. ஒரு முழம்கூட வராத ஹோஸைப் புதிதாகப் போட்டு, கேஜுக்கு வேறு இடத்திலிருந்து இணைப்பு கொடுத்து, ஸ்குரூவை நான் மேலே சொன்னபடி தளர்த்திவிட்டதும் பிக்கப்பும் ஐடிலிங்கும் சீராகிவிட்டன. ஸ்குரூவைத் தொடுவதற்கு முன் ஹோஸை வளைத்துப் பாருங்கள் என்ற ஒரே ஒரு வரி அந்தக் குறிப்பில் இருந்திருந்தால்கூட நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன்.

மூன்றாவது புகாரான, நிறுத்தும்போது அணைவது மட்டும் முழுவதும் தீரவில்லை. தீரவும் தீராது, ஏனென்றால் அதற்கும் ஸ்பிரிங்குக்கும் சம்பந்தமில்லை. டர்போவுக்கு முன்பாகவே காற்றின் அளவைச் சென்சார் கொண்டு அளக்கும் வண்டி அது. சென்சார் கணக்கில் ஏற்றிய காற்றுக்கு ஈடாக ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. வால்வோ அந்தக் காற்றில் ஒரு பங்கை வெளியே ஊதிவிடுகிறது. ஆகவே காலை எடுக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரத்துக்குக் கலவையில் பெட்ரோல் மிகுந்து, எஞ்சின் திணறுகிறது, சைலன்ஸரில் கரும்புகை வருகிறது, எரியாத பெட்ரோல் போய்ச் சேர்வதால் நாளடைவில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் கெடுகிறது. ஸ்பிரிங்கை இறுக்கினால் வெளியேறும் காற்று குறைந்து திணறல் தணிந்தது போலத் தெரியும். வெளியேறாத காற்று சர்ஜாக மாறி டர்போவுக்குத் திரும்புகிறது. இத்தகைய வண்டிகளில் வால்விலிருந்து வரும் காற்றைச் சென்சாருக்கும் டர்போவுக்கும் இடைப்பட்ட குழாயிலேயே திருப்பிவிட வேண்டும். அந்த வண்டிக்கும் அப்படியே ஒரு குழாய் போட்டுக் கொடுத்தேன், அணைவது நின்றது. உஸ்ஸென்ற சத்தமும் பெரும்பகுதி நின்றுபோனதில் உரிமையாளருக்கு வருத்தம்தான். காற்றின் அளவைச் சென்சாரால் நேரடியாக அளக்காமல், மேனிஃபோல்டு அழுத்தத்தைக் கொண்டு கணக்கிடும் வண்டிகளில் இந்தத் தொல்லை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சத்தத்தை வைத்துச் செட்டிங்கைத் தீர்மானிக்கலாம் என்ற இரண்டாவது கூற்றுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. வாய் எவ்வளவு அகலம், எந்தத் திசையை நோக்கியிருக்கிறது, ஊதுகுழல் போன்ற மூடி உண்டா என்பவற்றைப் பொறுத்துச் சத்தம் மாறும். குறைந்த பூஸ்டில் காலை எடுக்கும்போது லேசாகப் படபடப்பு கேட்பதால் ஒரே நாளில் டர்போ கெட்டுவிடும் என்று நான் பயமுறுத்த மாட்டேன். முழு பூஸ்டிலிருந்து காலை எடுக்கும்போதும் அதே படபடப்பு கேட்டால், டர்போ தண்டின் த்ரஸ்ட் பேரிங் (தண்டு முன்பின் நகராமல் தாங்கும் பேரிங்) ஒவ்வொரு முறையும் அடி வாங்குகிறது என்றே கொள்ள வேண்டும். அந்தப் படபடப்புக்கு ஆசைப்பட்டே ஸ்குரூவை அடிவரை இறக்கச் சொல்லும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தங்கள் குறிப்பு நல்ல சாட்சியாகிவிட்டது.

டீசல் கார் வைத்திருப்பவர்களும் அதைப் படித்திருப்பார்கள். டீசல் எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது த்ராட்டில் தகடு அல்ல, டீசலின் அளவு. எனவே காலை எடுக்கும்போது காற்று மோதித் திரும்புவதற்கு மூடிய கதவு இல்லை, இந்த வால்வுக்கு அங்கே வேலையும் இல்லை. இக்காலத்துப் பெட்ரோல் டர்போ கார்கள் பலவற்றில் கம்பெனியே ஈசியூ இயக்கும் மின்வால்வைப் பொருத்தி அனுப்புகிறது. அதில் திருகிச் சரிசெய்ய ஒன்றும் கிடையாது.

ஆகவே, அந்தப் பத்தி எந்த வகை வால்வுக்குப் பொருந்தும் என்பதைத் தெளிவுபடுத்தியும், பூஸ்டுக்கு ஏற்ப இறுக்க வேண்டும் என்ற வரியை நீக்கியும், அடுத்த வாகன இணைப்பில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதைப் படித்து ஏற்கெனவே ஸ்குரூவை இறுக்கிவிட்ட வாசகர்கள், எத்தனை சுற்று இறுக்கினோம் என்பது நினைவிருந்தால் அத்தனை சுற்றையும் திருப்பிவிடலாம். நினைவில்லாதவர்கள் முழுவதும் தளர்த்திவிட்டு, காகிதத் துண்டோடு முதலிலிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
டர்போ வண்டிகளில் வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக்