புதிய நீச்சல் குளத்தின் திறப்பு தள்ளிவைக்கப்பட்டது குறித்துப் பெற்றோருக்கு

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

நம் பள்ளியில் கட்டப்பட்டுள்ள நீச்சல் குளம் எப்போது திறக்கப்படும் என்று உங்களில் பலர் நேரிலும் தொலைபேசியிலும் கேட்டு வருகிறீர்கள். டைல்ஸ் பதித்துத் தண்ணீரும் நிரப்பிவிட்டதால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேலை முழுவதும் முடிந்ததாகவே தோன்றும். ஆனால் கட்டுமானத்தில் எவ்விதத் தொடர்பும் இல்லாத ஒரு பொறியாளர் குளத்தின் ஒவ்வொரு பகுதியையும் சோதித்து, குறைகள் சரிசெய்யப்பட்ட பின் மறுபடியும் பார்த்து, எழுத்துமூலம் சான்றளிக்கும்வரை எந்த மாணவரையும் தண்ணீரில் இறக்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். ஒப்பந்தக்காரர் தம் பங்குக்கு ஒரு சான்றிதழ் கொடுத்திருக்கிறார். இருப்பினும் கட்டியவரே தம் வேலைக்குச் சான்று சொல்வது பிள்ளைகள் இறங்கும் இடத்திற்குப் போதாது என்பது என் உறுதியான கருத்து. முதற்கட்டச் சோதனை முடிந்துவிட்டது. அதில் தெரியவந்தவற்றை உங்களிடம் மறைக்காமல் சொல்வதே முறை.

முதலில் நீர்க்கசிவு. வெயிலுக்கும் காற்றுக்கும் எந்தக் குளத்திலும் நீர் குறையும் என்பதால், மட்டம் இறங்குவதை வைத்து மட்டும் கசிவு இருப்பதாகச் சொல்லிவிட முடியாது. அதற்காக ஒரு வாளியில் குளத்து நீரை நிரப்பி, அதைக் குளத்தின் படிக்கட்டில் பாதி மூழ்கும்படி வைத்து, வாளியின் உள்ளே ஒரு கோடும் வெளியே ஒரு கோடும் போட்டு, 24 மணி நேரம் கழித்து இரண்டையும் ஒப்பிடுவார்கள். ஆவியாவது இரண்டிலும் ஒரே அளவாக இருக்கும். குளத்தின் மட்டம் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் அது கசிவுதான். நம் குளத்தில் பம்பு நின்றிருந்தபோது இரண்டு மட்டமும் ஒத்திருந்தன. பம்பு ஓடியபோது குளத்து நீர் கூடுதலாகக் குறைந்தது. ஆகவே கான்கிரீட் தொட்டியில் பழுது இருப்பதாகத் தெரியவில்லை, வடிகட்டியிலிருந்து நீரைத் திரும்பக் கொண்டுவரும் குழாயில் எங்கோ ஓர் இணைப்பு சரியாகப் பொருந்தவில்லை என்று பொறியாளர் கருதுகிறார். 25 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள குளத்தில் ஒரு செ.மீ. இறங்கினாலே 2,500 லிட்டர் போய்விடுகிறது. நீர் வீணாவது ஒருபுறம் இருக்க, மண்ணுக்குள் இறங்கும் அந்த நீர் கரையோர நடைபாதைக்கு அடியில் உள்ள மண்ணை அரித்து வெற்றிடம் உண்டாக்கும் என்பதே எங்களுக்குப் பெரிய கவலை. எனவே ஒவ்வொரு குழாயையும் தனித்தனியே அடைத்து அழுத்தச் சோதனை செய்யச் சொல்லியிருக்கிறோம்.

தண்ணீரை முழுவதும் இறைத்துவிட்டு வேலையை விரைவில் முடிக்கலாமே என்று சில பெற்றோர் கேட்டீர்கள். நிலத்தடி நீர் மேலே இருக்கும் காலத்தில் குளத்தைக் காலி செய்தால், கீழிருந்து வரும் நீரழுத்தம் வெற்றுத் தொட்டியை அப்படியே மேலே தூக்கிவிடக்கூடும். தூக்காவிட்டாலும் தளத்தில் வெடிப்பு விழலாம். நிலத்தடி நீர்மட்டத்தை அளந்து பார்த்த பிறகே நீரை இறக்க அனுமதிப்போம்.

சுவர்களில் மயிரிழை போன்ற கீறல்கள் சில இடங்களில் உள்ளன. பூச்சு உலரும்போது ஏற்படும் இத்தகைய கீறல்கள் பெரும்பாலும் தீங்கற்றவை. நாளடைவில் நீள்பவையும், துருக்கறை கசிபவையும்தான் உள்ளே கம்பிக்குக் கேடு வந்திருப்பதைக் காட்டும். ஒவ்வொரு கீறலின் முனையிலும் குறியிட்டுத் தேதி எழுதியிருக்கிறோம், இதுவரை எதுவும் நீளவில்லை. டைல்ஸைத் தட்டிப் பார்த்ததில் படிக்கட்டை ஒட்டிய சில வெற்றொலி எழுப்பின. அதாவது அடியில் சாந்து முழுமையாகப் பரவவில்லை. அவை பெயர்ந்தால் விளிம்பு கத்தியைப் போல் காலை அறுத்துவிடும் என்பதால் அவற்றை எடுத்துவிட்டுப் புதிதாகப் பதிக்க வேண்டும்.

இனி நான் எழுதப்போவதை ஒவ்வொரு பெற்றோரும் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். குளத்தின் அடியில் நீரை உறிஞ்சி வடிகட்டிக்கு அனுப்பும் வாய்கள் உள்ளன. மூடி இல்லாமலோ தளர்ந்தோ இருக்கும் ஒரு வாயை ஒரு குழந்தையின் உடல் அடைத்துக்கொண்டால், பம்பின் இழுவிசை குழந்தையை அங்கேயே பிடித்து வைத்துவிடும். 20 செ.மீ. சதுரமான ஒரு வாயில், வளிமண்டல அழுத்தத்தில் பாதியளவு வெற்றிடம் உண்டானாலே ஏறத்தாழ 200 கிலோ எடைக்கு நிகரான விசை அங்கே வேலை செய்கிறது. கரையிலிருந்து குதித்துக் கையைப் பிடித்து இழுக்கும் பெரியவராலும் அதை வெல்ல முடியாது. பம்பை நிறுத்துவது ஒன்றே வழி. இப்படிச் சிறுவர்கள் உயிரிழந்ததைத் தொடர்ந்தே அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டு இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஒரே பம்போடு இணைந்த இரண்டு வாய்களாவது குறைந்தது 90 செ.மீ. இடைவெளியில் இருக்க வேண்டும் என்பது இதில் அடிப்படையான பாதுகாப்பு. ஒன்று அடைபட்டாலும் மற்றொன்று வழியாக நீர் செல்லும், இழுவிசை ஓரிடத்தில் குவியாது. நம் குளத்தில் வாய்கள் இரண்டு, இடைவெளியும் சரி. ஆனால் ஒன்றின் மூடி கையால் அசைத்தால் ஆடுகிறது. பம்பை உடனடியாக நிறுத்தும் சுவிட்ச் பூட்டிய பம்பு அறைக்குள் இருக்கிறது. ஆபத்து நேரத்தில் சாவியைத் தேடுவதற்கு அவகாசம் இருக்காது. மூடி மாற்றப்பட்டு, சுவிட்ச் கண்காணிப்பாளரின் கைக்கெட்டும் இடத்தில் கரையிலேயே பொருத்தப்படாமல் குளம் திறக்கப்படாது. நீண்ட கூந்தல் உள்ள பிள்ளைகள் தொப்பி அணிய வேண்டும் என்ற விதியும் இதன் பொருட்டே ஏற்பட்டது, ஏனெனில் முடியும் அந்த மூடியில் சிக்கிக்கொள்ளக்கூடும்.

ஆழம் குறித்தும் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. பந்தயத்திற்குப் பாயும் மேடைகள் ஆழம் குறைந்த பக்கத்தில் அமைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே நீர் 1.1 மீட்டர்தான். மேடை உள்ள இடத்தில், சுவரிலிருந்து 1 மீட்டர் முதல் 6 மீட்டர் தொலைவு வரையாவது ஆழம் 1.35 மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது உலக நீச்சல் கூட்டமைப்பின் விதி. தலைகீழாகப் பாய்பவரின் தலை தரையில் மோதினால் கழுத்தெலும்பு முறிந்து, வாழ்நாள் முழுவதும் கைகால்கள் செயலிழக்கும் நிலைகூட வரலாம். போட்டிகள் நடத்த வேண்டும் என்று உங்களில் பலர் ஆவலோடு இருப்பதை அறிவேன். ஆயினும் அந்த மேடைகளைக் கழற்றச் சொல்லிவிட்டேன். ஆழமான பக்கத்தில் அவற்றைப் பொருத்த முடியுமா என்று பார்த்து வருகிறோம். அதுவரை பாய்தல் இல்லை.

மின்சார வேலைகள் திருப்தியாக உள்ளன. நீருக்கடியில் உள்ள விளக்குகள் 12 வோல்ட்டில் இயங்குகின்றன. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி சோதனையில் உடனுக்குடன் வேலை செய்தது. ஏணி, கைப்பிடி உள்ளிட்ட உலோகப் பாகங்கள் அனைத்தும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு எர்த் செய்யப்பட்டுள்ளன.

வேலியின் உயரம் 1.2 மீட்டர், கம்பிகளுக்கிடையே 10 செ.மீ.க்குக் குறைவான இடைவெளி, இவை சரியே. ஆனால் கதவு தானாகச் சாத்திக்கொண்டாலும் தாழ் விழுவதில்லை. வேலியை ஒட்டிப் போடப்பட்ட சிமெண்ட் பெஞ்சில் ஏறினால் முதல் வகுப்புக் குழந்தையும் உள்ளே குதித்துவிடும், அதை அகற்றிவிட்டோம். நீரில் மூழ்கும் குழந்தை கையை அசைத்துக் கூச்சலிடும் என்று பலரும் எண்ணுகிறோம். மூச்சுக்குத் தவிக்கும் குழந்தையால் குரல் எழுப்ப இயலாது. அருகில் இருப்பவருக்கே தெரியாமல் சில நொடிகளில் அமிழ்ந்துவிடும். ஆகவே கதவின் தாழ் சிறிய குறையாகத் தோன்றினாலும், நான் அதைக் குழாய்க் கசிவைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

நீரின் தரத்தைப் பொறுத்தவரை, அமில காரத்தன்மையைக் காட்டும் pH அளவு 7.2 முதல் 7.8 வரையிலும், குளோரின் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். புதிய சிமெண்ட் பூச்சு நீரின் காரத்தன்மையை உயர்த்தும் என்பதால் தொடக்க வாரங்களில் தினமும் அளந்து பதிவேட்டில் எழுதுவோம். கரையில் நின்று பார்க்கும்போது அடித்தளத்து மூடி தெளிவாகத் தெரியாத நாளில் வகுப்பு நடக்காது. குளோரின் மருந்தும் அமிலமும் கலந்தால் நச்சுவாயு உண்டாகும் என்பதால் இரண்டும் தனித்தனி அறைகளில் வைக்கப்படும்.

பெற்றோராகிய உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். வலிப்பு, இதயக் கோளாறு, ஆஸ்துமா, காதில் அறுவைச் சிகிச்சை போன்றவை உங்கள் பிள்ளைக்கு இருந்தால் இத்துடன் அனுப்பியுள்ள படிவத்தில் தயங்காமல் எழுதுங்கள். அது வகுப்பாசிரியருக்கும் பயிற்சியாளருக்கும் மட்டுமே தெரியும். மாலையில் பிள்ளைகளை அழைத்துச் செல்ல வரும்போது குளத்தின் பக்கம் அவர்களைத் தனியே விடாதீர்கள். திறப்பு நாளை விரைவுபடுத்தும்படி ஒப்பந்தக்காரரையோ ஊழியர்களையோ தனிப்பட்ட முறையில் வற்புறுத்த வேண்டாம். கேட்க வேண்டியதை என்னிடம் கேளுங்கள். பொறியாளரின் அறிக்கை பள்ளி அலுவலகத்தில் வைக்கப்பட்டுள்ளது. வேலை நேரத்தில் யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம். மறுசோதனை முடிந்ததும் அதன் முடிவையும் திறப்புத் தேதியையும் தனிக் கடிதத்தில் தெரிவிப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்