ப்ராமை மறுபடி பள்ளிக்கூடத்துக்கே கொண்டு வாருங்கள்

பள்ளி நிர்வாகத்தினருக்கும் ப்ராம் குழுவினருக்கும் வணக்கம்.

போன வாரம் நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலைப் பற்றித்தான் எழுதுகிறேன். பள்ளிப் படிப்பு முடியும் வருடத்து நடன விருந்தான ப்ராமுக்கு ஹோட்டல் முடிவாகிவிட்டது, டிக்கெட் 140 டாலர், வெள்ளிக்கிழமைக்குப் பிறகு 165, கட்ட முடியாதவர்கள் உதவி கேட்கலாம். சரி, அந்த உதவியை எங்கே கேட்க வைத்திருக்கிறீர்கள்? மதியம், சாப்பாட்டுக் கூடத்தின் நடுவே போட்ட டிக்கெட் மேசையில், எல்லோரும் நிற்கும் அதே வரிசையில். என் மகள் இருபது நிமிடம் நின்றிருக்கிறாள், பின்னால் அவளுடைய தோழிகள். முன்னால் நின்ற பையன் உதவிப் படிவம் கேட்டதும், மேசையில் இருந்தவர் அதையே சத்தமாகத் திருப்பிக் கேட்டாராம். அவன் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு இவள் வரிசையிலிருந்து நழுவி வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து, "எனக்கு டான்ஸெல்லாம் பிடிக்காதும்மா" என்றாள். என்னுடைய பட்டுப்புடவை ஒன்றை கவுனாகத் தைப்பதற்கு மூன்று வாரமாக அளவு பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்.

நானும் இதே நியூ ஜெர்சியில் படித்தவள்தான். 1994இல் எங்கள் ப்ராம் பள்ளி ஜிம்மில் நடந்தது. கூடைப்பந்து வளையத்தில் காகிதத் தோரணம் கட்டியதும் நாங்களேதான். பையனோடு ஜோடியாகப் போக வேண்டுமாமே என்று அப்பா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் மூன்று பெண்களாகச் சேர்ந்து போனோம், அவரே கொண்டுவந்து விட்டு, முடியும்வரை காரிலேயே உட்கார்ந்திருந்தார். இன்று என் வீட்டில் அந்தத் தடை இல்லை. போய்விட்டு வா என்று நானே சொல்கிறேன், டிக்கெட் விலை தடுக்கிறது.

ப்ராமின் வரலாறு உங்களுக்குத் தெரியாததல்ல. ஓர் ஆண் நண்பனை அழைத்துப்போக ரோட் ஐலண்டில் ஆரன் ஃப்ரிக் என்ற மாணவர் 1980இல் நீதிமன்றம் போய் வென்றார். மிசிசிப்பியின் சார்ல்ஸ்டனில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனி ப்ராம் நடந்துகொண்டிருந்தது. செலவை நானே தருகிறேன் என்று நடிகர் மார்கன் ஃப்ரீமன் 1997லேயே சொல்லியும், 2008இல்தான் எல்லோரும் ஒரே இடத்தில் ஆடினார்கள். ஜார்ஜியாவின் வில்காக்ஸ் கவுண்டியில் 2013இல் மாணவர்களே முன்னின்று பொது ப்ராம் நடத்தினார்கள். இப்படிப் பிள்ளைகள் போராடித் திறந்த கதவை நாம் விலை வைத்து மூடலாமா?

ப்ராமை ஜிம்முக்கே கொண்டு வாருங்கள் என்பதுதான் என் கோரிக்கை. இதில் டிக்கெட் மட்டுமா செலவு? லிமோசின், கையில் கட்டும் பூ, பதாகை பிடித்து, வீடியோ எடுத்து "என்னோடு ப்ராமுக்கு வருவாயா" என்று கேட்கும் சடங்கு வேறு. பன்னிரண்டாம் வகுப்பு வந்தாலே பள்ளி நிறைவு விழா அங்கி வாடகை, ஆண்டு மலர், கல்லூரி அளவுப் பாடங்களுக்கான ஏ.பி. தேர்வுக் கட்டணம், கல்லூரி விண்ணப்பங்கள் என்று மாதாமாதம் ஒரு பில் வருகிறது, இரண்டு வேலை பார்க்கும் பெற்றோர் எவ்வளவுதான் தாங்குவார்கள்? இவ்வளவுக்கும் நடுவில், எல்லாப் பிள்ளைகளும் கடைசியாக ஒன்றாகக் கூடும் ஓர் இரவையாவது விட்டுவையுங்கள்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வருடம் ஹோட்டலுக்கு முன்பணம் கட்டியிருப்பீர்கள், புரிகிறது. அடுத்த வருடமாவது ஜிம்மில் நடத்துங்கள். இந்த வருடத்துக்கு, உதவிப் படிவத்தை வீட்டிலிருந்தே இணையத்தில் நிரப்பி அனுப்ப வழி செய்யுங்கள், அந்த 25 டாலர் கூடுதலையும் நீக்குங்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொன்னால் புடவையைத் தையல்காரரிடம் கொடுத்துவிடுவேன்.

நன்றியுடன்,
ஒரு மாணவியின் அம்மா