வாய்தாவுக்கும் மணி குறித்துக் கொடுங்கள்

எங்கள் மாவட்டக் குடும்ப நல நீதிமன்ற நிர்வாகத்துக்கு,

வணக்கமுங்க. போன செவ்வாய்க்கிழமை பெயரே கூப்பிடாமல் அடுத்த மாதத்துக்குப் போன வழக்குகளில் என் தங்கையுடையதும் ஒன்று. இது மூன்றாவது வாய்தா. இருவரும் மனம் ஒத்துப் போட்ட விவாகரத்து மனு. ஆறு மாதக் காத்திருப்பு கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2017இலேயே சொல்லிவிட்டது. நாங்கள் அந்தச் சலுகைகூடக் கேட்காமல் முழுசாகக் காத்திருந்தோம்.

காலை 10 மணிக்கு வந்தோம். மாலை 4.30 வரை வராண்டாவில் ஒரே பெஞ்சு. இந்தக் கோடியில் தங்கை, அந்தக் கோடியில் மாப்பிள்ளை. (இன்னும் அப்படித்தான் வாயில் வருகிறது.) எந்த நேரம் கூப்பிடுவார்களோ என்று அவள் கழிவறைக்குப் போகவில்லை, போக வேண்டி வருமே என்று காலையிலிருந்து தண்ணீரும் குடிக்கவில்லை. பனியன் கம்பெனியில் அன்றைய ஷிப்ட் போனது சனிக்கிழமைச் சம்பளத்தில் தெரிந்தது. ஆனாலும் அவள் அழுதால் பிடித்துக்கொள்ள அம்மா, சித்தி, நான் இருந்தோம். அவர் தனியாக வந்திருந்தார். மதியம் பிரஷர் மாத்திரையைப் பிரிக்கும்போது கை நடுங்கியது. கிட்டப் போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டலாமா என்று யோசித்தேன், போகவில்லை.

அமெரிக்காவில் ஹோம்ஸ், ராஹே என்ற இரு மனநல மருத்துவர்கள் 1967இல் மன அழுத்தம் தரும் வாழ்க்கை மாற்றங்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். விவாகரத்துக்கு 73, பிரிந்திருப்பதற்கு 65, கல்யாணத்துக்கே 50. வாய்தாவுக்குப் போடவில்லை. பாவம், உங்கள் வராண்டாவை அவர்கள் பார்த்ததில்லை.

கல்யாணத்துக்கு 4.30 முதல் 6 மணிக்குள் என்று பத்திரிகையில் அச்சடித்தோம். சடங்குகளை நடத்திவைக்கும் அருமைக்காரர் நேரம் தவறாமல் வந்து நின்றார். சீர்த்தட்டு எண்ண ஊரே வந்தது. அப்புறம், "கொஞ்சம் அனுசரிச்சுப் போ அம்மிணி" என்று சொல்லவும் தவறாமல் வந்தது. வராண்டாவுக்கு ஒருத்தரும் வரவில்லை. சரி, அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்.

உங்களால் முடிந்தது ஒன்று உண்டு. வழக்குப் பட்டியலில் மணியையும் போடுங்கள். காலை, மதியம் என்று இரண்டாகப் பிரித்தாலும் போதும். அன்றைக்கு எடுக்க முடியாது என்றால் முந்தின நாளே ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். தயவுசெய்து கேட்கிறேன், மணி போடுங்கள்.

தங்கை கையில் இருக்கும் துண்டுச்சீட்டில் அடுத்த தேதி மட்டும் எழுதியிருக்கிறது. பக்கத்தில் மணி எழுத இடம் இருக்கிறதுங்க.

இப்படிக்கு,
வராண்டாவில் நின்றுகொண்டே இருந்த அண்ணன்